காய்ச்சி ஆறவைத்த குளம்

வெள்ளாங்குண்டுக்கு வழி கேட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் கையைக் காட்டுவார்கள். அந்த ஊருக்கு முன்னால் கொக்குமடைக் குளம் கிடக்கிறது. பேர்தான் குளம், கார்த்திகையில் பார்த்தால் அக்கரை ஆளின் மூஞ்சி தெரியாது. அக்கரையில் சாத்தம்பாறை என்று இன்னோர் ஊர். இரண்டு ஊருக்கும் நடுவே தண்ணீர்தான் இருந்ததே தவிர, புத்தியில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. அதனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் தாராளமாக நடந்தது.

கல்யாணத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் கறாரான ஒரு வழக்கம். முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை குளத்தை நீந்திக் கடந்து எதிர்க்கரையில் ஏற வேண்டும். படகில் வரக்கூடாது, கரையைச் சுற்றி வண்டியில் வரக்கூடாது. முன்னொரு காலத்தில் மாப்பிள்ளையும் தோழனும் ஒரே மாதிரிப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு படகில் வந்து இறங்கினார்களாம். இதில் யார் மாப்பிள்ளை என்று நெடுநேரம் வாதாடிவிட்டு, ஊரார் படகுக்காரனைப் பிடித்து மணவறையில் உட்கார வைத்தார்கள். படகுக்காரனுக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள். அவள் வந்து பேசிய பேச்சுக்குப் பிறகுதான் இரண்டு ஊரும் கூடி முடிவு செய்தன. நீந்தி வந்து நனைந்து நிற்பவர் மாப்பிள்ளை, காய்ந்து நிற்பவர் பெண். இனி குழப்பமே வராது என்று எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

வெள்ளாங்குண்டு மாடக்கண்ணுவுக்குச் சாத்தம்பாறைப் பேச்சித்தாயைப் பேசி முடித்திருந்தார்கள். மாடக்கண்ணு நல்ல பையன். நீச்சலில் சூரன். மற்றபடி அவன் வெள்ளாங்குண்டுக்காரன், அவ்வளவுதான் சொல்லலாம். பேச்சித்தாய் அந்தக் கரையில் எப்படியோ தவறிப் பிறந்த புத்திசாலி. அவனுக்கு அவள்மேல் உயிர். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஏன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

பேச்சித்தாயின் அப்பா வேலாண்டி கண்டிப்பான ஆள். "கார்த்திகை முகூர்த்தத்துல வந்து சேரணும். அதை விட்டா வயலுக்கு மடையத் திறந்துருவோம், கொளம் முழங்காலுக்குக் கீழ வத்திரும். பொறவு எவன் நீந்துவான்? அடுத்த கார்த்திகையில எவன் முதல்ல நீந்தி வாரானோ, எம்மவ அவனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். மாடக்கண்ணு இதைக் கேட்டதிலிருந்து சோறு தண்ணி இறங்காமல் தவித்தான். ஒரு வருஷம் காத்திருந்து, வேறு எவனாவது நீந்தி வந்து அவளைக் கொண்டுபோய்விட்டால்?

முகூர்த்தம் நெருங்க நெருங்க அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கரைக்குப் போவது முறையில்லை. அதனால் கரையோரம் நின்ற உயரமான பனையில் ஏறினான். உச்சியிலிருந்து பார்த்தால் அக்கரையில் பேச்சித்தாய் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இவன் கூவினான். அவள் நிமிர்ந்து பார்த்து ஒரு கையை ஆட்டினாள். ஒரு கைக்கு ஒரு கை ஆட்டினால் பிரியத்தில் சமம் என்றல்லவா ஆகிவிடும்? மாடக்கண்ணு இரண்டு கையையும் ஆட்டினான்.

பனை அவனை உச்சியிலிருந்து தூர் வரைக்கும் சீவி அனுப்பியது. நெஞ்சு, வயிறு, தொடை, முட்டி என்று முன்பக்கம் பூராவும் தோல் உரிந்து போயிற்று. தரைக்கு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "என்னைப் பாத்துட்டாளா?" என்பதுதான்.

கீழே நின்றிருந்த அவனுடைய மூன்று சேக்காளிகளும் ஓடிவந்தார்கள். பலவேசம், ஊய்க்காட்டான், சங்கிலி என்று பேர். பலவேசம் யோசனை சொல்கிறவன். ஊய்க்காட்டான் அதை ஆமோதிக்கிறவன். சங்கிலி அந்த வேலையைச் செய்கிறவன். மூன்றில் சங்கிலி பாடுதான் கஷ்டம். அவன்தான் மாடக்கண்ணுவை முதுகில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினான்.

வைத்தியர் சிவனணைந்தார் வெளியூர்க்காரர். பிழைப்புக்காக வந்து மாட்டிக்கொண்டவர். காயத்தைப் பார்த்துவிட்டு, "மேல்தோல்தான் உரிஞ்சிருக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா நான் சொல்றதை அப்படியே செய்யணும்" என்றார். வெள்ளாங்குண்டில் யாரிடமும் சொல்லக்கூடாத வார்த்தை அது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

"புண்ணு ஆறுற வரைக்கும் குளத்துத் தண்ணி அதுல படக்கூடாது. கண்ட அழுக்கும் அதுல கிடக்கும், பட்டா சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். கழுவுறதா இருந்தா காய்ச்சி ஆறவச்ச தண்ணியாலதான் கழுவணும். புண்ணு மேல ஈ உக்காரவே கூடாது."

"கல்யாணம் வருதே வைத்தியரய்யா, நான் நீந்தணுமே" என்றான் மாடக்கண்ணு.

"ஆறின பிறகு நீந்து."

"அதுக்குள்ள கொளம் வத்திருமே."

"வத்தினா நடந்து போயேன்ப்பா!"

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன இருந்தாலும் வெளியூர்க்காரர், நம்ம கஷ்டம் எங்கே புரியப்போகிறது என்று வெளியே வந்துவிட்டார்கள்.

முதலில் ஈ விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள், சுலபமான வேலை என்று.

"ஈயை வெரட்டுனா அது திரும்பி வரும்" என்றான் பலவேசம். "வைத்தியர் என்ன சொன்னாரு? புண்ணு மேல உக்காரக்கூடாதுன்னு சொன்னாரு. வேற எங்கயும் உக்காரக்கூடாதுன்னு சொன்னாரா?"

"சொல்லலையே" என்றான் ஊய்க்காட்டான்.

"அப்போ அதுக்கு வேற நல்ல இடமாக் காட்டணும். மரியாதையாச் சொன்னா அது கேட்டுட்டுப் போகுது."

சங்கிலி கருப்பட்டியைப் பாகு காய்ச்சி மாடக்கண்ணுவின் நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கிலும் பூசினான். ஊரில் உள்ள ஈயெல்லாம் வந்து அவன் மூஞ்சியில் குடியேறிற்று. புண் மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. மாடக்கண்ணு வாயைத் திறக்க முடியாமல், மூக்கால் மட்டும், "நல்லா இருக்குல்லா?" என்று கேட்டான். வைத்தியம் பலித்துவிட்டது என்று மூன்று பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

அப்புறம் தண்ணீர் விஷயத்துக்கு வந்தார்கள். இதற்கு ஆலமரத்தடியில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் பலவேசம்தான் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஏலே, காய்ச்சி ஆறவச்ச தண்ணி புண்ணுல படலாம்னுல்லா சொன்னாரு?"

"ஆமா, சொன்னாரு."

"அப்ப கொளத்தைக் காய்ச்சி ஆறவச்சுட்டா?"

இப்படி ஒரு மூளை நம் ஊரில் இருக்கிறதே என்று ஊய்க்காட்டானுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோயில் கொடை விழாவுக்குப் பொங்கல் வைக்கிற அண்டாக்களைக் கேட்டு வாங்கிவந்தார்கள். கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். குளத்தில் தண்ணீர் மொண்டு, அண்டாவில் ஊற்றிக் கொதிக்கவைத்து, விசிறியால் வீசி ஆறவைத்து, திரும்பக் குளத்திலேயே ஊற்றினார்கள். ஒரு சந்தேகம் வந்தது. காய்ச்சினதும் காய்ச்சாததும் கலந்துவிட்டால்? அதற்காகச் சங்கிலி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கோரைப்பாயைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். இந்தப் பக்கம் காய்ச்சின குளம், அந்தப் பக்கம் காய்ச்சாத குளம்.

"அண்ணாச்சி, ஒரு கெண்டை அங்கயிருந்து இங்க வந்துட்டு" என்று கூவினான் சங்கிலி.

"மீனு போயிட்டு வந்துட்டுப் போகட்டும்ல. தண்ணிய மட்டும் விடாத!"

அக்கரையில் புகையைப் பார்த்துவிட்டுப் பேச்சித்தாய் ஆள் அனுப்பி விசாரித்தாள். குளத்தைக் காய்ச்சுகிறோம் என்று பதில் போயிற்று. அவள் துவைத்த துணியை இன்னொரு தடவை துவைத்தாள், கொஞ்சம் பலமாக.

விறகு தீர்ந்துபோன அன்று பலவேசம் குளத்தில் விரலை விட்டுப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான் ஊய்க்காட்டான்.

"சில்லுனு இருக்கு."

"ஐயோ, அப்ப காயலையா?"

"இவன் ஒருத்தன்! காய்ச்சி ஆறவச்ச தண்ணி எப்படில இருக்கும்?"

"சில்லுனு இருக்கும்."

"கொளம் எப்படி இருக்கு?"

"சில்லுனு இருக்கு."

"பொறவென்ன? பூராவும் காய்ஞ்சு, பூராவும் ஆறிட்டு!"

ஒரே கும்மாளம். மாடக்கண்ணுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இன்றைக்கே ஒரு தடவை நீந்திப் பார்த்துவிடலாம் என்று அவனும் வேட்டியை மடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்து வைத்தான். அந்த நேரம் பார்த்து ஆண்டிச்சி என்பவளுடைய எருமை மெதுவாக நடந்து வந்து, யாரையும் கேட்காமல், குளத்தில் இறங்கிப் படுத்தது. படுத்ததோடு நிற்கவில்லை, தண்ணீரிலேயே சாணியும் போட்டது.

நான்கு பேரும் தலையில் கை வைத்தார்கள்.

"போச்சு" என்றான் பலவேசம். "இவ்வளவும் காய்ச்சி வச்சோம். காய்ச்சாத எருமை ஒண்ணு உள்ள போயிட்டு."

"எருமையையும் காய்ச்சிரலாமே" என்றான் ஊய்க்காட்டான்.

அண்டா பெரியதுதான், ஆனால் எருமை அதைவிடப் பெரியது. முன்பாதியை இன்று, பின்பாதியை நாளை என்று காய்ச்சலாமா என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஆண்டிச்சி வந்துவிட்டாள். "எவம்ல அவன், எம் மாட்டக் காய்ச்சப் போறவன்? உங்க நாலு பேர் மண்டையிலயும் இந்த அண்டாவக் கவுத்துருவேன், பாத்துக்கிடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எருமையே எழுந்து உட்கார்ந்தது. அவள் சொன்னதைச் செய்கிறவள். குளத்தைக் காய்ச்சும் யோசனை அதோடு கைவிடப்பட்டது.

மறுநாள் பலவேசம் வேறு ஒன்று கண்டுபிடித்தான். உண்மையிலேயே நல்ல யோசனை, அதையும் சொல்ல வேண்டும். "புண்ணு முன்பக்கம்தான இருக்கு? மல்லாக்கப் படுத்து நீந்துனா புண்ணு வானத்தைப் பாத்துட்டு வரும். முதுகு மட்டும் நனையும். முதுகுலதான் புண்ணு இல்லையே!"

மாடக்கண்ணு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், வலியில் அலறினான், பிறகு விட்டான். ஆனால் அவனுக்குக் குப்புற நீந்தித்தான் பழக்கம். மல்லாக்க நீந்திப் பழக வேண்டும். பழகும்போது தவறித் திரும்பிவிட்டால் புண்ணில் தண்ணீர் பட்டுவிடுமே? ஆகையால் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்துப் பழகுவது என்று தீர்மானம் ஆயிற்று.

களத்துமேட்டில் மாடக்கண்ணு மல்லாக்கப் படுத்துக் கையையும் காலையும் அடித்து நீந்தினான். ஊய்க்காட்டான் முன்னால் நடந்து வழி காட்டினான். சங்கிலி அவ்வப்போது காலைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அறுப்பு இல்லாத காலத்தில் களத்துமேடு என்றால் சரளைக்கல்லும் நெருஞ்சியும் நிறைந்த இடம். மாடக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நீந்தினான், பேச்சித்தாய் அந்த மூலையில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. அப்புறம் திரும்பியும் நீந்திவந்தான்.

வைத்தியர் சிவனணைந்தார் அவனைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முன்பக்கம்தானேப்பா காயம்? முதுகுல எப்படி வந்துச்சு?"

"நீந்திப் பழகுனேங்கய்யா."

"குளத்துல இறங்கினியா?"

"சத்தியமா ஒரு சொட்டுத் தண்ணி படலைங்கய்யா! நீங்க சொன்னபடிதான்."

வைத்தியர் முதுகுக்கும் மருந்து கொடுத்தார். அன்று சாயங்காலமே தன் சொந்த ஊருக்கு வண்டி எப்போது என்று விசாரித்ததாகக் கேள்வி.

இப்படியாக முகூர்த்த நாள் வந்துவிட்டது. முன்பக்கப் புண் பாதி ஆறிப் பொருக்கு கட்டியிருந்தது. பின்பக்கப் புண் இப்போதுதான் ஆறத் தொடங்கியிருந்தது. அக்கரையில் மேளம் கொட்டுகிற சத்தம் வந்தது. பந்தியில் போடப்போகிற சாம்பார் மணம் காற்றில் வந்தது. வெள்ளாங்குண்டு முழுக்க இந்தக் கரையில் கூடி நின்றது. மாடக்கண்ணுவின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. "எப்படியாவது என்னை அந்தக் கரையில சேத்துருங்கல" என்று சேக்காளிகளிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கவலையே படாத" என்றான் பலவேசம். "எல்லா ஏற்பாடும் ஆச்சு."

கயிற்றுக்கட்டில் ஒன்றின் நான்கு காலிலும் பெரிய பெரிய மண்பானைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டில் மிதக்கும். மாடக்கண்ணு மேலே உட்கார்ந்து காற்றில் கையை வீசி நீந்திக்கொண்டே வருவான். நீந்தி வர வேண்டும் என்றுதானே வழக்கம், எதில் நீந்த வேண்டும் என்று யார் சொன்னார்கள்? தண்ணீர் தெறிக்காமல் இருக்க ஒரு குடையும் உண்டு. யோசனை பிசகில்லாதது. ஆனால் பலவேசம் எதையும் அரைகுறையாக விடுகிறவன் இல்லை.

"ஒருவேளை பானை உடைஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாத்தேன்" என்று ஊர்த்தலைவர் தளவாயிடம் பெருமையாகச் சொன்னான். "உள்ள இருக்கது புண்ணுல தெறிக்கும். அதனால நாலு பானையிலயும் காய்ச்சி ஆறவச்ச தண்ணியா நெறச்சு வச்சுட்டோம்."

"மூளைக்காரன்ல நீ" என்றார் தளவாய்.

கட்டிலைத் தண்ணீரில் இறக்கினார்கள். அது எந்தத் தயக்கமும் காட்டாமல் நேரே அடியில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, மாடக்கண்ணு இன்னும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் குமிழி வந்தது, அதுவும் நின்றது.

"எந்திரிக்கும்" என்றான் ஊய்க்காட்டான். "செத்த நேரம் பாப்போம்."

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கரையில் மேளச் சத்தம் வேகம் பிடித்தது. முகூர்த்தம் முடியப்போகிறது என்று அர்த்தம். மாடக்கண்ணு கரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

அப்போது அக்கரையில் ஒரு பரபரப்பு. மணப்பெண் அலங்காரத்தோடு நின்றிருந்த பேச்சித்தாய் சேலையை வரிந்து கட்டினாள். அவள் அப்பா வேலாண்டி, "ஏளா, ஏளா!" என்று கத்துவது இங்கே வரைக்கும் கேட்டது. அவள் தொபுக்கென்று குளத்தில் குதித்தாள். மாலை ஒரு பக்கமும் பூ ஒரு பக்கமுமாக மிதக்க, நேர்கோடு போட்ட மாதிரி நீந்தி வந்தாள். வந்து வெள்ளாங்குண்டுக் கரையில் ஏறி, தலைமுடியை உதறிப் பிழிந்து, மாடக்கண்ணுவைப் பார்த்தாள்.

"புண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"முன்னால ஆறிட்டு வருது. பின்னால புதுசு" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

எல்லாரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தளவாய் கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. வழக்கம்னு ஒண்ணு இருக்கு. நீந்தி வந்து நனைஞ்சு நிக்கது யாரு?"

"இந்தப் பொண்ணு" என்றது ஊர்.

"காய்ஞ்சு நிக்கது யாரு?"

"நம்ம மாடக்கண்ணு."

"அப்ப யாரு மாப்பிள்ளை?"

ஊர் யோசித்தது. பேச்சித்தாய் யோசிக்கவில்லை. இவர்களோடு பேசிப் புரியவைப்பதற்குள் முகூர்த்தம் மூன்று தடவை முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். "சரி, நாந்தான் மாப்பிள்ளை. தாலி எங்க?" என்று கையை நீட்டினாள்.

மாடக்கண்ணுவின் அம்மா மடியிலிருந்து தாலியை எடுத்துக் கொடுத்தாள். அவன் முதுகில் புண், நெஞ்சில் புண், கழுத்தில் ஒன்றும் இல்லை. பேச்சித்தாய் அதைப் பார்த்துப் பதனமாக, பொருக்கில் உரசாமல் தாலியைத் தூக்கிக் கட்டினாள். மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினான். வெட்கத்தில் அவன் முகம் சிவந்ததைப் பார்த்துக் கிழவிகள் திருஷ்டி கழித்தார்கள்.

தாலி கட்டியதும் மாப்பிள்ளை பெண்ணைப் படகில் ஏற்றித் தன் ஊருக்கு அழைத்துப் போவது அந்தப் பக்கத்து முறை. மாடக்கண்ணுவின் அம்மா அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "கண்ணு மாதிரி வளத்தேன், இன்னைக்கு ஒரு வீட்டுக்கு அனுப்பிட்டேனே!" என்றாள். பேச்சித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெவரம் தெரியாத புள்ள. எதுஞ் செஞ்சா மனசுல வச்சுக்கிடாதிய" என்று சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அத்த" என்றாள் பேச்சித்தாய்.

பலவேசம் மாடக்கண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்திமதி சொன்னான். "போற எடத்துல சத்தமாச் சிரிக்காத. மாமனார் வந்தா எந்திரிச்சு நில்லு. அவிய சாப்பிட்ட பொறவு நீ சாப்பிடு." மாடக்கண்ணு எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று மூன்று சேக்காளிகளும் துணைக்கு ஏறிக்கொண்டார்கள். மாப்பிள்ளை துடுப்புப் போட்டாள். ஈரச் சேலை சொட்டச் சொட்ட, முகத்தில் ஒரு மாதிரியான பொறுமையோடு அவள் துடுப்புப் போட்டதை நான் பெரிய விஷயமாகத்தான் நினைக்கிறேன்.

சாத்தம்பாறைக் கரை நெருங்கிற்று. வேலாண்டி கரையில் நின்றுகொண்டிருந்தார். மாமனார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் அல்லவா? மாடக்கண்ணு எழுந்து நின்றான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் தொபீரென்று தண்ணீரில் விழுந்தான்.

"தண்ணி பட்டுட்டு! தண்ணி பட்டுட்டு!" என்று கத்திக்கொண்டே அவன் கையை வீசி வீசி நீந்தி, படகுக்கு முன்னால் போய்க் கரையேறினான்.

கரையில் ஒரே ஆரவாரம். "மாப்பிள்ளை வந்தாச்சு! நீந்தி வந்துட்டாரு!" என்று மேளக்காரர்கள் வெளுத்துக் கட்டினார்கள். வேலாண்டி ஓடிவந்து அவன் கழுத்தில் மாலையைப் போட்டார். அப்புறம் படகிலிருந்து இறங்கிய மகளைப் பார்த்தார்.

"நீ ஏன் இன்னும் நனைஞ்சு நிக்க?"

"நீந்திப் போனேம்லாய்யா. அங்க என்னைய மாப்பிள்ளைன்னுட்டாவ. தாலியும் கட்டிட்டேன், சோலி முடிஞ்சுட்டு. சோத்தைப் போடச் சொல்லுங்க."

வேலாண்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேர் மேலிருந்தும் தண்ணீர் சொட்டியது. "நீயும் மாப்பிள்ளை, இவரும் மாப்பிள்ளை" என்றார். சாத்தம்பாறைப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாப்பிள்ளை இரண்டு பேர் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் தீரவில்லை.

"அப்ப பொண்ணு எங்க?" என்று கேட்டார் வேலாண்டி.

எல்லாரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். காய்ந்த மணப்பெண் ஒருத்தியையும் காணவில்லை. பலவேசம் முன்னால் வந்தான்.

"மாமா, கெளம்பும்போது பொண்ணு படகுலதான் இருந்துச்சு. தாலி கட்டி, புத்திமதி சொல்லி, நாங்கதான் ஏத்திவிட்டோம்."

"ஆமா, ஏத்திவிட்டோம்" என்றான் ஊய்க்காட்டான்.

"வழியில தொபீர்னு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்றான் சங்கிலி.

"ஐயையோ, பொண்ணு கொளத்துல விழுந்துட்டு!" என்று வேலாண்டி தலையில் அடித்துக்கொண்டார். "இறங்குங்கல எல்லாரும்!"

சாத்தம்பாறை முழுக்கக் குளத்தில் குதித்தது. மேளக்காரர்கள் மேளத்தை வைத்துவிட்டுக் குதித்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு குதித்தார். சங்கிலிக்குத்தான் எல்லாரையும்விட ஆழமான இடம் கொடுத்தார்கள். முங்குவதும் எழுவதும், "கெடச்சுதா?" "இல்லையே" என்று கூப்பிட்டுக் கேட்பதுமாகக் குளம் கலங்கிப்போயிற்று.

பேச்சித்தாய் சமையல் கொட்டகையில் வெந்நீர் போட்டு, ஆறவைத்து, மாடக்கண்ணுவின் புண்ணையெல்லாம் முன்னும் பின்னும் மெதுவாகக் கழுவித் துடைத்தாள். உலர்ந்த வேட்டி ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். பிறகு இரண்டு இலை போட்டு, சோறும் சாம்பாரும் அவியலும் பரிமாறி, அவனையும் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். அவன் ஆசைப்பட்டதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு வயிறாரச் சாப்பிட்டான். பாயசமும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

இலையை மூடிவிட்டுக் கை கழுவினவன் குளத்தைப் பார்த்தான். ஊரே தண்ணீரில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேச்சித்தாயிடம் பணிவாக வந்து நின்றான்.

"ஏங்க, பாவம் அந்தப் பொண்ணு, கல்யாணத்தன்னைக்கே தண்ணிக்குள்ள கெடக்கு. நானும் ஒரு முங்கு முங்கித் தேடிட்டு வந்துரட்டுமா?"